படுக்க ஓர் இடம் போதாதா?

“துபாயில் வேலை பார்க்கிறவனுக்கு வீடு எதற்கு, சாமி? படுக்க ஓர் இடம் போதாதா?”

நமது பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் இவ்வாறு கேட்டார். கேட்டவர் கொடியவர் அல்லர். பங்கிற்காகப் பல்லாண்டு உழைத்தவர். கோவில் கட்டட வேலையில் கூலி பெறாது கல் சுமந்தவர். தம் புதல்வர் இருவரையும் வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு முதுமையில் தனித்திருப்பவர். கேள்வி எழுந்த காரணம் இது. திருவிழா வரி கேட்டு, வெளிநாட்டிலுள்ள பங்குமக்கள் அனைவருக்கும் வழக்கம்போல் எழுதியிருந்தோம். உள்ளூரில் இருப்போருக்கு ஒரு தொகை, வெளிநாட்டில் இருப்போருக்கு அதைப்போல் ஐந்து மடங்கு என்பது நமது பங்கின் நெடுநாள் வழக்கு. துபாயில் ஏ.சி. எந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஓர் இளைஞர் மறுமொழி எழுதியிருந்தார். மனைவியையும் மூன்று வயது மகளையும் தம்மோடு அழைத்துக்கொள்ள ஒரு படுக்கையறை கொண்ட வாடகை வீடு ஒன்றைத் தேடி வருவதாகவும், அதற்கான முன்பணத்தைச் சேர்த்து வருவதால் இவ்வாண்டு வரி கட்ட இயலவில்லை என்றும், பொறுத்தருள வேண்டும் என்றும் அக்கடிதம் கூறியது. கடிதம் வாசிக்கப்பட்டது. பெரியவர் கேட்டார். கூட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தலையசைத்தனர். நாம் அடுத்த பொருளுக்குச் சென்றுவிட்டோம்.

அன்று விடை கூறாமல் விட்டது நமது பிழை. அதனை இங்கே கூற முயல்கிறோம். அப்பெரியவர் ஒருவருக்காக மட்டும் இதனை எழுதவில்லை. கடற்கரைப் பங்குகளிலும் உள்நாட்டுப் பங்குகளிலும், குருக்கள் இல்லங்களிலுங்கூட, இக்கேள்வி கேள்வியாகவே எழாமல் முடிந்த முடிபாக நிலவி வருகிறது. வெளிநாடு சென்றவன் சம்பாதிக்கச் சென்றவன். அவனுக்கு வேண்டியது கட்டிலும் கழிப்பறையும். மனைவி இங்கே, மக்கள் இங்கே, வீடு இங்கே. இதற்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் தியாகம்.

அவ்விளைஞரின் தேடலை நாம் நேரில் அறிவோம். 2025 தவக்காலத்தில் தியான உரைகள் ஆற்ற அழைக்கப்பட்டு அந்நகருக்குச் சென்றிருந்தோம். உரைகள் மாலை வேளையில்தான். ஒரு சனியும் ஞாயிறும் பகற்பொழுது முழுதும் அவரோடு வீடு தேடி அலைந்தோம். (2022 சனவரி முதல் அங்கே வார விடுமுறை சனியும் ஞாயிறும் ஆகிவிட்டது, வெள்ளிக்கிழமை அரை நாள். ஆயினும் நம் மக்கள் பழைய பழக்கத்தில் வெள்ளித் திருப்பலிக்கும் திரண்டு வருகின்றனர்.)

அந்நாட்டைப் பழிப்பது நமது நோக்கமன்று என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம். ஊத் மேத்தா பகுதியிலுள்ள தூய மரியா ஆலயம் துபாயின் ஆட்சியாளராயிருந்த ஷேக் ராஷித் வழங்கிய நிலத்தில் 1967-இல் எழுந்தது. இன்று அங்கே தமிழ் உட்படப் பல மொழிகளில் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது. வேற்றுச் சமயத்தவரின் ஆலயத்துக்கு நிலம் தந்த மனம் நமது ஊர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று நம்மையே கேட்டுக்கொள்வது நன்று. குடும்பத்தை அழைத்துக்கொள்வதற்கான விதியும் முன்னிலும் இளகியிருக்கிறது. முன்னர் இன்ன தொழில் செய்பவர்தாம் அழைக்கலாம் என்றிருந்தது. 2019-இல் அது மாறி, மாதம் 4,000 திர்ஹாம் ஊதியமோ, அன்றி 3,000 திர்ஹாமோடு தங்குமிடமுமோ உடையவர் எத்தொழிலராயினும் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. நம் இளைஞரின் ஊதியம் 5,000. ஆகவே சட்டம் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் அக்கதவினுள் நுழையப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் வேண்டும். ‘எஜாரி’ என்பது அப்பதிவின் பெயர். அரபியில் அதற்கு ‘என் வாடகை’ என்று பொருளாம். அந்த வாடகையில்தான் கதவு மீண்டும் அடைபட்டுவிடுகிறது.

சனிக்கிழமை தேராவில் தொடங்கினோம். பழைய நகரம் அது. கடைகளும் சரக்கு வண்டிகளும் தமிழ்ப் பேச்சும் நிறைந்த தெருக்கள். ஒவ்வொரு கட்டடத்தின் வாயிலிலும் நாத்தூர் என்று அங்கே அழைக்கப்படும் காவலாள் ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் கேட்பது மூன்றே கேள்வி: குடும்பமா, தனியாளா? எத்தனை பேர்? எத்தனை செக்? மூன்றாவது கேள்வி நமக்கு விளங்கவில்லை. இளைஞர் விளக்கினார். அந்நகரில் வாடகை ஆண்டுக் கணக்கில் பேசப்படுகிறது. ஆண்டு முழுவதற்குமான தொகையைப் பின் தேதியிட்ட காசோலைகளாக முன்கூட்டியே எழுதித் தந்துவிட வேண்டும். ஒரே காசோலையில் மொத்தமும் தருபவருக்கு வாடகை குறைவு. நான்காகத் தருபவருக்குக் கூடுதல். ஆறாகவோ பன்னிரண்டாகவோ தருகிறேன் என்பவருக்கு, வீட்டுக்காரர் மனமிருந்தால், இன்னும் கூடுதல். கையில் பணமுள்ளவன் குறைவாகக் கொடுக்கிறான். இல்லாதவன் இல்லாமைக்கும் சேர்த்து வாடகை கொடுக்கிறான்.

ஞாயிறன்று நகரின் விளிம்பிலுள்ள இன்டர்நேஷனல் சிட்டிக்குச் சென்றோம். சீனா, பிரான்சு, பாரசீகம், எசுப்பானியா என்று நாடுகளின் பெயரைத் தாங்கிய தாழ்ந்த அடுக்குக் கட்டடத் தொகுதிகள். நகரின் மலிவான பகுதிகளுள் ஒன்றென்று பெயர் பெற்றது. அங்குங்கூட ஒரு படுக்கையறை வீட்டுக்கு ஆண்டு வாடகை 60,000 திர்ஹாமை ஒட்டியே கூறினார்கள். நமது நாணயத்தில் ஏறத்தாழ 14 இலட்சம். ரூபாயில் மாற்றிப் பார்ப்பது பயனற்றது என்று இளைஞர் சிரித்தார். “திர்ஹாமிலேயே பாருங்க சாமி. என் சம்பளம் மாசம் அஞ்சாயிரம். பன்னிரண்டு மாசத்துக்கு அறுபதாயிரம். வாடகையும் அறுபதாயிரம்.”

இதைவிடச் சுருக்கமாக இப்பொருளைக் கூற முடியாது. ஆயினும் கணக்கு அத்தோடு முடியவில்லை. நான்கு காசோலை என்று வைத்தால் முதல் தவணை 15,000. தரகருக்கு நூற்றுக்கு ஐந்து வழக்கம், அது 3,000. வீட்டுக்காரரிடம் பிணைத்தொகை நூற்றுக்கு ஐந்து, அது 3,000. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு முன்பணம் 2,000. பதிவுக் கட்டணம் தனி. வீட்டினுள் ஒரு பாய் விரிக்குமுன்னே 23,000 திர்ஹாம். ஐந்து மாத ஊதியத்துக்குச் சற்றே குறைவு. குடியேறிய பின் ஆண்டு வாடகையில் நூற்றுக்கு ஐந்து நகராட்சிக்குரிய வீட்டுக் கட்டணமாக மின்கட்டணத்தோடு மாதந்தோறும் சேர்ந்து வரும். காசோலைப் புத்தகம் பெற வங்கிக் கணக்கு வேண்டும். அதற்கும் ஊதிய வரம்பு கேட்கும் வங்கிகள் உண்டு. ஆண்டுக்கு 40,000 திர்ஹாமுக்கு ஓர் ஒற்றை அறை, அதாவது ஸ்டுடியோ, கிடைத்தால் உணவுக்கும் மகளின் மழலையர் பள்ளிக்கும் மாதம் ஆயிரத்து அறுநூறு திர்ஹாமாவது மிஞ்சும் என்று அவர் கணக்கிட்டிருந்தார். அந்த விலையிலும் ஒன்று அகப்படவில்லை.

ஷார்ஜா இருக்கிறதே என்பர் சிலர். உண்மை, பக்கத்து அமீரகமான ஷார்ஜாவில் வாடகை துபாயைவிடப் பெரிதும் குறைவு. ஆகவே பல்லாயிரம் பேர் அங்கே குடியிருந்து துபாயில் பணிபுரிகின்றனர். அவர்கள் அனைவரும் காலையில் ஒரே திசையிலும் மாலையில் மறுதிசையிலும் செல்வதால் இத்திஹாத் சாலை எப்படியிருக்கும் என்பதை ஒரு முறை பார்த்தோம். போகவும் வரவும் நான்கு மணி நேரம் சாலையில் கழிப்பவன் மகள் விழித்திருக்கும்போது வீட்டில் இருப்பதில்லை. வீடு கிடைக்கிறது, வீட்டில் இருக்கும் பொழுது போய்விடுகிறது. இருந்தும் இறுதியில் அவர் நாட வேண்டியது அவ்வழியே என்று நமக்குத் தோன்றியது. அவருக்கும் அப்படியே. ஆனால் காலை ஏழு மணிக்குக் கருவிப் பெட்டியோடு துபாயில் நிற்க வேண்டும் என்பது அவருடைய வேலை விதி.

பாலைநிலத்தில் நீரும் குளிர்ச்சியும் விலை மிக்கவை. ஆகவே வீடும் விலை மிகும் என்று வாதிடுவோரும் உளர். கடல்நீரின் உப்பை நீக்கியே குடிநீர் பெறும் நகரம் அது, கோடையில் ஏ.சி. இன்றி உறங்க இயலாது. இவை மெய். ஆனால் நீருக்கும் மின்சாரத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. வாடகை என்பது மணலின் விலையும் அன்று. மணல் அங்கே வேண்டிய மட்டும் இருக்கிறது. குடியிருப்பதற்காகக் கட்டப்படும் வீடு ஒரு வகை. பணத்தைப் போட்டு வைப்பதற்காகக் கட்டப்படும் வீடு வேறொரு வகை. 2002 முதல் அயல்நாட்டார் அங்கே சொத்து வாங்க வழி திறக்கப்பட்டது. வாங்குவோரில் இந்தியர் முன்வரிசையில் நிற்கின்றனர். ஆக, நம் நாட்டுச் செல்வர் ஒருவர் முதலீடாக வாங்கிய வீட்டுக்கு, நம் நாட்டுத் தொழிலாளி ஒருவர் தமது முழு ஊதியத்தையும் வாடகையாகத் தர இயலாமல் படியிறங்குகிறார். வீட்டோடு வீட்டைச் சேர்த்து, வேறு எவர்க்கும் இடமில்லாது செய்வோருக்கு இறைவாக்கினர் எசாயா உரைத்த ஐயோ கேட்டினைத் விவிலியத்தில் மட்டும் வாசித்துவிட்டுப் போகிறோம்.

சட்டம் தலையிடவில்லையா? தலையிட்டிருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் 43-ஆம் எண் ஆணைப்படி, ஏற்கெனவே குடியிருப்பவரின் வாடகையைப் புதுப்பிக்கும்போது எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அப்பகுதியின் சராசரி வாடகையைவிட அவர் கொடுப்பது பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்திராவிட்டால் ஏற்றவே கூடாது. மிகக் குறைந்திருந்தாலும் ஒரே முறையில் இருபது விழுக்காட்டுக்கு மேல் ஏற்றலாகாது. வீட்டை விற்கவோ, தாமே குடியேறவோ வேண்டிக் காலி செய்யச் சொல்வதாயினும் பன்னிரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும். நமது தமிழகத்தில் வாடகைக்கு இருப்போர் இதைக் கேட்டால் பொறாமை கொள்வர். ஆனால் இவ்வரம்புகள் அனைத்தும் வீடு உடையவனுக்கே. புதிதாகத் தேடுபவனுக்கு வீட்டுக்காரர் கூறுவதே விலை. உள்ளே இருப்பவனைச் சட்டம் காக்கிறது. வாயிலில் நிற்பவனைச் சட்டம் அறியாது. நம் இளைஞர் வாயிலில் நிற்பவர்.

இனி, நாம் எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறோம். தேராவிலும் சத்வாவிலும் விளக்குக் கம்பங்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் சிறு தாள்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. கீழே தொலைபேசி எண்கள் கிழித்தெடுக்கத் தக்கவாறு நறுக்கப்பட்டிருக்கும். ‘பெட் ஸ்பேஸ்’, ‘பார்ட்டிஷன்’, ‘தமிழருக்கு மட்டும்’, ‘மலையாளிக் குடும்பம் மட்டும்’, ‘சமையல் கூடாது’. (சென்னையில் ‘சைவம் மட்டும்’ என்று வீட்டுக்கு வெளியே தொங்கும் பலகையையும், “நீங்க என்ன ஆளுங்க?” என்று தொடங்கும் விசாரணையையும் கடல் கடந்தும் சுமந்து சென்றிருக்கிறோம்.) அத்தகைய ஒரு பார்ட்டிஷனை நாம் பார்த்தோம். இரு படுக்கையறை கொண்ட வீடு. கூடம் ஒட்டுப்பலகையால் மூன்றாகத் தடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு தடுப்பினுள்ளும் ஒரு கட்டில், ஒரு அலமாரி. கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். கூரைவரை பலகை எட்டவில்லை, ஏ.சி. காற்று எல்லாத் தடுப்புக்கும் போக வேண்டுமாம். காற்றோடு இருமலும் அழுகையும் பேச்சும் போகும். பால்கனியிலும் ஒருவர் படுத்திருந்தார். ஒரு தடுப்பில் இளம் தம்பதியர். சமையலறையில் அடுப்புக்கு முறை வைத்திருந்தனர். மொத்தம் பதினொருவர், ஒரு கழிப்பறை. அங்கே ஒரு தடுப்புக்கு மாதம் 1,500 திர்ஹாம் கேட்டார்கள். நம் இளைஞர் அத்தம்பதியரின் தடுப்பை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “பிள்ளையை இங்க எப்படி சாமி?” என்று மட்டும் கேட்டார்.

வீட்டை ஆண்டு வாடகைக்கு எடுத்துத் தடுப்புப் போட்டு விடுபவர் அரபியர் அல்லர். வேற்று நாட்டினரும் அல்லர். நம் பகுதியைச் சேர்ந்தவர், நமது சபையைச் சேர்ந்தவர். அவர் ஆண்டுக்குச் செலுத்துவது தொண்ணூறாயிரத்தை ஒட்டியது. பதினொருவரிடம் மாதந்தோறும் பெறுவது பத்தாயிரத்துக்கும் மேல். அன்று மாலைத் தியானத்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். புறப்படும்போது நமது பங்கின் கெபி வேலைக்கென்று ஓர் உறை தந்தார். நாம் வாங்கிக்கொண்டோம். நாட்டுக்குத் திரும்பும் வானூர்தியில்தான் அவ்வுறையில் இருந்தது எவர் பணம் என்ற எண்ணம் எழுந்தது. பேராசையைக் கண்டிக்கும் மறையுரைகளை இருபத்தைந்து ஆண்டுகளாக ஆற்றி வருகிறோம். அவற்றில் ஒன்றுகூட அந்த உறையை நீட்டிய கையைத் தடுக்கவில்லை. வாங்கிய கையையும் தடுக்கவில்லை.

நெருக்கடி வெறும் அசௌகரியமன்று. 2023 ஏப்ரல் 15 அன்று தேராவின் அல் ராஸ் பகுதியிலுள்ள ஒரு குடியிருப்புக் கட்டடம் தீப்பற்றிப் பதினாறு பேர் மாண்டனர். அவர்களுள் தமிழகத்தார் இருவர். 2024 சூன் 12 அன்று மற்றொரு பாலைநகரில், குவைத்தின் மங்காஃபில், தொழிலாளர் தங்கிய கட்டடம் எரிந்தது. அதில் இறந்த இந்தியர் நாற்பத்தைவர், தமிழகத்தார் எழுவர். 2025 சூனில் துபாய் நகராட்சி ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா, ராஃபா ஆகிய பகுதிகளில் சட்டத்துக்குப் புறம்பான தடுப்புகளை அகற்றும் நடவடிக்கையை மேற்கொண்டது. தீயிலிருந்து உயிர்களைக் காக்கும் செயல் அது; குறை கூறுவதற்கில்லை. ஆனால் தடுப்பு போனபின் தடுப்பினுள் இருந்தவர் எங்கே போவார் என்ற கேள்விக்குத் தடுப்பு போட்டவரும் விடை கூறவில்லை. அவரை முன்வரிசையில் அமர்த்திய நாமும் கூறவில்லை.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். படுக்க ஓர் இடம் போதாதா? தனியொருவனுக்குச் சில காலம் போதலாம். திருமணமானவனுக்குப் போதாது. இது நமது மனவிருப்பம் அன்று, திருச்சபையின் சட்டம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1151-ஆம் எண், முறையான காரணம் இருந்தாலன்றி இல்லற வாழ்வைக் கூடி நடத்துவது கணவன் மனைவியரின் கடமையும் உரிமையுமாகும் என்று வகுக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைச் சாசனம், குடும்ப வாழ்வுக்கு ஏற்ற தகுதியான வீடு குடும்பத்தின் உரிமை என்று 11-ஆம் பிரிவிலும், குடிபெயர்ந்தோர் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து வாழ உதவ வேண்டும் என்று 12-ஆம் பிரிவிலும் கூறுகிறது. 1987 டிசம்பரில் நீதி மற்றும் அமைதிக்கான திருப்பீட ஆணையம் வீடற்றோரைப் பற்றி ஓர் ஆவணத்தையே வெளியிட்டது. வீடற்ற உன் சகோதரனுக்கு நீ என்ன செய்தாய் என்ற கேள்வியே அதன் தலைப்பு. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘லவ்தாத்தோ சீ’ மடலின் 152-ஆம் எண்ணில், வீடு இல்லாமை மனித மாண்பைத் தொடும் சிக்கல் என்று மீண்டும் வலியுறுத்தினார். குருமடத்தில் இவற்றுள் முற்பட்டவற்றைப் பயின்றோம். பிற்பட்டவற்றைப் பணிக்காலத்தில் படித்தோம். தேர்வில் எழுதினோம், கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டினோம். ஒரு திருமண விசாரணையிலேனும் மணமகனை நோக்கி, “தம்பி, கல்யாணத்துக்குப் பிறகு எங்கே குடியிருப்பீர்கள்?” என்று கேட்டோமா? கேட்டதில்லை. ஞானஸ்நானச் சான்று கேட்டோம், ஓலை வாசித்தோம், முப்பது நாள் விடுப்பில் வந்தவனுக்கு மூன்று வார ஓலையை ஒரு வாரமாகச் சுருக்கித் தந்தோம், பந்தலில் விருந்துண்டோம். இருபத்தெட்டாம் நாள் விமான நிலையத்தில் அப்பெண் அழுததைக் கண்டு, பழகிவிடும் என்றோம்.

‘முறையான காரணம் இருந்தாலன்றி’ என்று சட்டம் கூறுகிறதே, வறுமை முறையான காரணம் அன்றோ என்று சட்டம் அறிந்த நம் உடன்குருக்கள் வினவக்கூடும். ஆம், வறுமை முறையான காரணமே. கடனும் நோயும் தங்கையின் திருமணமும்கூட முறையானவையாகலாம். தேர்த்திருவிழாவின் வாணவேடிக்கை முறையான காரணமா? கொடிமரத்துக்குப் பித்தளைத் தகடு வேய்வது முறையான காரணமா? ஐந்து மடங்கு வரி எச்சட்டத்தின் எந்த எண்ணில் வருகிறது?

முந்தைய தலைமுறை பத்துப் பேர் ஓர் அறையில் கிடந்து உழைத்துத்தானே இத்தனை வீடுகளை எழுப்பியது என்பர். எழுப்பியது, மறுக்கவில்லை. நமது பங்கின் பிரதான சாலையில் மாலை நடை செல்வோர் காண்கின்றனர். இரண்டு மாடி, பளிங்குத் தரை, முகப்பில் திருக்குடும்பப் படம் பதித்த வண்ணக் கண்ணாடி. ஐந்து அறைகளில் நான்கு பூட்டிக் கிடக்கின்றன. ஐந்தாவதில், அதுவும் பின்புறத்தில், ஒரு மூதாட்டி படுத்திருக்கிறார். மாடியேற முழங்கால் இடந்தருவதில்லை. அவ்வீட்டுக்கு உரியவர் தேராவில் ஈரடுக்குக் கட்டிலின் மேலடுக்கில் படுத்திருக்கிறார். ஆண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை முப்பது நாள் தம் வீட்டில் விருந்தாளியாகத் தங்குகிறார். மகள் தந்தையைக் கைப்பேசியின் திரையில் அறிவாள். நேரில் வந்தால் முதல் இரண்டு நாள் அருகே வரமாட்டாள். அவ்வீடுகளில் பலவற்றை மந்திரித்துப் புனித நீர் தெளித்தவர் நாமே. இங்கே வாழும் இல்லத்தை ஆசீர்வதியும் என்று செபித்தோம். வாழ்வோர் எவர் என்று எண்ணிப் பார்க்கவில்லை. அப்பளிங்குக்குச் செலவிட்ட தொகையில் பாதியைக் கொண்டு அவர்கள் அங்கே சில ஆண்டுகளாவது ஒரு படுக்கையறை வீட்டில் கணவனும் மனைவியும் மக்களுமாக வாழ்ந்திருக்கலாம். அவ்வாறு வாழ்ந்தவனை ஊர் என்ன கூறும்? ‘பத்து வருசம் துபாயில் இருந்தான், ஒரு செங்கல் வைக்கவில்லை’ என்று கூறும். அந்த ஏச்சுக்கு அஞ்சியே பலர் கட்டிலில் கிடக்கின்றனர். நாமும் மேடையில் நன்கொடையாளர் பெயர்களை வாசித்து அந்த ஏச்சுக்கு ஒலிபெருக்கி பிடிக்கிறோம்.

எவரும் வற்புறுத்தி அனுப்பவில்லையே என்ற வாதம் ஒன்றுண்டு. இதை அடிக்கடி கேட்கிறோம்; பெரும்பாலும் ஓய்வூதியம் பெறுவோர் வாயிலிருந்து. மீன்பாடு குறைந்து, வலைக்கும் டீசலுக்கும் வாங்கிய கடன் வட்டியோடு நிற்கும் கரையில் ஒருவன் கடவுச்சீட்டு எடுப்பதை விருப்பத் தேர்வு என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அவ்வாறே இருப்பினும், விரும்பிச் சென்றவனுக்கு மனைவி வேண்டா என்று எந்த நூலில் எழுதியிருக்கிறது?

பாலைநிலத்தை விவிலியம் நன்கு அறியும். மம்ரே கருவாலி மரத்தருகே வெயில் நேரத்தில் கூடார வாயிலில் அமர்ந்திருந்த ஆபிரகாம், முன்பின் அறியாத மூவரைக் கண்டு ஓடிச் சென்று அழைத்தார். அவரிடம் எத்தனை செக் என்று நாத்தூர் எவரும் கேட்கவில்லை. இசுரயேலர் பாலையில் நடந்தபோது மன்னாவை அவரவர் தேவைக்கேற்பச் சேர்த்தனர். மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. மறுநாளைக்கு வைத்தது புழுத்தது. பாலையில் பதுக்கினால் அடுத்தவன் சாவான் என்ற அனுபவ அறிவு அந்நூலில் படிந்திருக்கிறது. அந்த அறிவு அரபு நிலத்தின் பழைய விருந்தோம்பலிலும் உண்டு. அடுக்குமாடிகளில்தான் அது காணாமற்போயிற்று. நமது மாடி வீடுகளிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

கூட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்து நாமே ஒரு தீர்மானத்தை எழுதிப் பேரவையின் முன் வைத்தோம். குடும்பத்தைப் பிரிந்து வெளிநாட்டில் பணிபுரிவோருக்கு உள்ளூர் வரி போதும். ஐந்து மடங்கு வேண்டா. திருவிழா மிச்சத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி, மனைவி மக்களை அழைத்துக்கொள்ள விரும்பும் ஒரு குடும்பத்துக்கு முன்பணமாக வட்டியின்றித் தருவது. திரும்பி வந்ததும் அடுத்த குடும்பத்துக்கு. வாணவேடிக்கையை ஓராண்டு நிறுத்தினாலே முதல் குடும்பத்துக்குப் போதும் என்று கணக்கும் காட்டினோம். இரண்டு மணி நேரம் பேசினார்கள். வாணவேடிக்கை இல்லாவிட்டால் பக்கத்துப் பங்கில் சிரிப்பார்கள் என்றார் ஒருவர். துபாய்க்காரனுக்கு நாம் கடன் கொடுப்பதா என்று மற்றொருவர் வியந்தார். பெண்கள் மூவரும் தீர்மானத்தின் பக்கம் நின்றனர். அவர்களுள் இருவரின் கணவர்மார் வளைகுடாவில் இருக்கின்றனர். ஏழு பேர் ஆதரவு, பன்னிருவர் எதிர்ப்பு. பெரியவர் எப்பக்கமும் கை தூக்கவில்லை.

இளைஞரின் திருவிழா வரி கட்டப்பட்டுவிட்டது. மகனுக்குத் தெரியாமல் அவருடைய தந்தை ஒரு மோதிரத்தை அடகு வைத்துக் கொண்டுவந்து செலுத்தினார். ஊரில் பெயர் விடுபடக் கூடாதாம். இரசீதில் நமது கையொப்பம் இருக்கிறது. அவர் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார். ஷார்ஜாவில் ஒரு ஸ்டுடியோ ஆறு செக்குக்கு இசைவதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தார். தீர்மானத்தைத் திருவருகைக் காலத்துக்கு முந்தைய கூட்டத்தில் மறுபடியும் வைக்கவிருக்கிறோம்.